எதை எண்ணினார்கள்? தெருநாயும் நகரப் பவுண்டும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை. படிவம் 4 வகுப்பு. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தாமானில் நாய் பிடிக்கும் லோரி வந்து நின்றது. மாணவர்கள் எல்லாரும் சன்னல் பக்கம் ஓடிவிட்டார்கள். கம்பி வளையத்தில் கழுத்து மாட்டி ஒரு நாய் இழுபட்டது. கதவு சாத்தினார்கள், லோரி போய்விட்டது. பையன்கள் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "டீச்சர், அந்த லோரி எங்க போகுது? அங்க போனதும் என்ன நடக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்று சமாளித்தேன். அந்த 'நாளைக்கு' வருவதற்குப் பல மாதம் ஆகிவிட்டது. தேடிப் படித்தபோதுதான் புரிந்தது: இது விலங்கு நேயர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. நகரம், சட்டம், பணம், பயம் எல்லாம் கலந்த ஒரு வரலாற்றுக் கேள்வி. அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நகரமும் எதை எண்ணியது? பிடித்த நாய்களையா, கொன்ற நாய்களையா, காப்பாற்றிய உயிர்களையா? பவுண்டுக்குள் நாய் எப்படி நடத்தப்பட்டது என்பதை அந்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் முடிவு செய்தது.

1. மாட்டுப் பவுண்டிலிருந்து நாய்ப் பவுண்டுக்கு

'பவுண்டு' என்ற சொல்லை நம் தாத்தா பாட்டியைக் கேட்டால் மாட்டோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். பிறர் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொண்டித்தொழு, பட்டி என்றெல்லாம் அதற்குப் பெயர் உண்டு. மாட்டுக்காரர் வருவார், தண்டம் கட்டுவார், மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. அடைத்து வைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது பவுண்டு காப்பாளரின் கடமை என்று அந்தச் சட்டமே சொன்னது. ஏன்? மாட்டுக்கு விலை உண்டு. சொந்தக்காரர் தேடி வருவார். மாடு மெலிந்திருந்தால் சண்டைக்கு நிற்பார்.

இப்போது அதே இடத்தில் ஒரு தெருநாயை வைத்துப் பாருங்கள். அதற்கு விலை இல்லை. தேடி வர ஆளும் இல்லை. மெலிந்தாலும் செத்தாலும் கேட்பார் இல்லை. பவுண்டு என்ற பெயர் மாறவில்லை, ஆனால் வேலை மாறிவிட்டது. திருப்பிக் கொடுப்பதற்காக வைத்திருக்கும் இடம், கண்ணில் படாமல் ஒழிப்பதற்கான இடமாக ஆகிவிட்டது. நாய்ப் பவுண்டுகளின் துன்பக் கதை இந்த மாற்றத்தில்தான் தொடங்குகிறது.

2. பம்பாய், 1832: தலைக்கு எட்டணா

தெருநாய் பற்றிய பழைய அரசாங்க உத்தரவுகளில் புகழ்பெற்றது பம்பாயில் போடப்பட்டது. வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்லலாம் என்ற விதி 1813 முதலே அங்கு இருந்தது. வெறிநாய்க்கடி பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானதே. அந்தக் காலத்தில் தடுப்பூசி கிடையாது. லூயி பாஸ்டர் மனிதருக்கு முதன்முதலில் அந்தத் தடுப்பூசியைப் போட்டது 1885இல்தான்.

1832இல் ஒரு நாயைக் கொன்றால் எட்டணா, அதாவது அரை ரூபாய், என்று பரிசுத் தொகை இருந்தது. கொல்வதற்கான காலமும் நீட்டிக்கப்பட்டது. விளைவு என்ன? பிடிப்பவர்களுக்குத் தெருநாய், வீட்டுநாய் என்ற வேறுபாடே இல்லாமல் போனது. சிலர் வீட்டு வளாகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். வெறி பிடித்த நாயைத் தேடிப் போவது ஆபத்து. வாலாட்டிக்கொண்டு பக்கத்தில் வரும் நாயைப் பிடிப்பது சுலபம். கூலி இரண்டுக்கும் ஒன்றுதானே!

நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி சமூகத்தார் கொதித்து எழுந்தார்கள். 1832 ஜூன் 6ஆம் நாள் நாய் பிடித்த காவலர்கள் தாக்கப்பட்டார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. படைவீரர்களுக்குப் போக வேண்டிய உணவும் தண்ணீரும் தடுக்கப்பட்டன. கடைசியில் படையை வரவழைத்துத்தான் கூட்டத்தைக் கலைத்தார்கள். பம்பாய் நாய்க் கலவரம் என்று வரலாற்றில் பெயர் பெற்ற நிகழ்வு இது.

இரண்டு ஆண்டு கழித்து, 1834இல், ஜம்செட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும் சமண வணிகர்களும் சேர்ந்து ஆதரவற்ற விலங்குகளுக்காகப் பம்பாய் பாஞ்சராப்போலை நிறுவினார்கள். அடைத்துக் கொல்லும் இடத்துக்கு மாற்றாக, அடைக்கலம் கொடுக்கும் இடம் ஒன்று அந்த ஊரிலேயே எழுந்தது.

3. நியூயார்க்: ஆற்றில் இறங்கிய கூண்டு

இதே கதை அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரம் கோடைதோறும் பவுண்டைத் திறந்தது. நாய் ஒன்றுக்கு 50 சென்ட் வரை கொடுத்தார்கள். ஏழைச் சிறுவர்களுக்கு அது நல்ல பணம். வீட்டு வாசலில் கட்டியிருந்த நாயைக்கூட அவிழ்த்துக்கொண்டு போய் விற்றார்கள். சொந்தக்காரர் அழுதுகொண்டே போய்ப் பணம் கட்டி மீட்க வேண்டியிருந்தது. மீட்க ஆள் இல்லாத நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து, பளுதூக்கியால் கிழக்கு ஆற்றில் இறக்கி மூழ்கடித்தார்கள். 1877 ஜூலையில் ஒரே நாளில் 700க்கும் மேற்பட்ட நாய்கள் இப்படிக் கொல்லப்பட்டதாக அன்றைய செய்தித்தாள் எழுதியது.

ஹென்றி பெர்க் என்பவர் 1866இல் அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பவுண்டின் கொடுமையை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆனால், "நீங்களே பவுண்டை நடத்துங்கள்" என்று நகரம் கேட்டபோது மறுத்துவிட்டார். அவர் 1888இல் மறைந்தார். பிறகு 1894இல் வந்த சட்டப்படி சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்றது. மூழ்கடிப்பது நின்றது. நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் கட்டும் உரிமப் பணம் செலவுக்கு வந்தது.

ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் இதற்கு முன்பே முன்வந்துவிட்டார்கள். 1869இல் கேரலைன் எர்ல் ஒயிட் தலைமையில் அமைந்த மகளிர் சங்கம், நகரப் பவுண்டின் பொறுப்பைத் தானே ஏற்றது. அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லை. ஆனாலும் நகராட்சி செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்து காட்டினார்கள். லண்டனில் மேரி டீல்பி 1860இலேயே தொலைந்த நாய்களுக்கு ஓர் இல்லம் திறந்தார். அதுதான் 1871இல் பேட்டர்சீக்கு இடம் மாறி இன்றுவரை நடக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். இவையெல்லாம் முன்னேற்றம்தான். தண்ணீர் கிடைத்தது, தீனி கிடைத்தது, அடித்துக் கொல்வது நின்றது. ஆனாலும் பேட்டர்சீ இல்லத்திலேயே 1884இல் ஒரு வாயு அறை வைத்தார்கள். வலியில்லாமல் கொல்வதற்காக ஒரு மருத்துவர் அமைத்துக் கொடுத்தது அது. நல்ல மனம் படைத்தவர்கள் நடத்தியும் கொல்வதை விட முடியவில்லையே, ஏன்? வாசல் வழியாக நாய்கள் வந்துகொண்டே இருந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பற்றி யாரும் ஒன்றும் செய்யவில்லை.

4. மதராஸ்: 1860 முதல் 1996 வரை

இனி நம் முன்னோர் பலர் கப்பலேறிய மதராஸ் பட்டணத்துக்கு வருவோம். மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலையை 1860இல் தொடங்கியதாக இந்திய ப்ளூ கிராஸ் அமைப்பினர் சொல்கிறார்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் நாய்ப் பவுண்டு இருந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி 1959இல் தம் குடும்பத்தாரோடு சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் ப்ளூ கிராஸ். அவர் மகன் சின்னி கிருஷ்ணா கேட்டது எளிமையான கேள்வி: "நூறு வருஷமாகக் கொல்கிறீர்களே, நாய் குறைந்திருக்கிறதா?" அவர்கள் தரும் கணக்கின்படி, தொடக்கத்தில் மிகச் சிறிதாக இருந்த எண்ணிக்கை 1990களின் நடுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 நாய்களைக் கொல்லும் அளவுக்கு ஏறியிருந்தது. வெறிநாய்க்கடி மரணமும் நிற்கவில்லை. 130 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மருந்தைக் கொடுத்து, நோய் கூடிக்கொண்டே போனால், மருந்தில் கோளாறு என்றுதானே அர்த்தம்?

1960களிலேயே அவர்கள் மாற்று வழியைச் சொல்லிவிட்டார்கள்: பிடியுங்கள், கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள், பிடித்த தெருவிலேயே விடுங்கள். இதை மாநகராட்சி ஏற்றுக்கொண்டு தென்சென்னையில் தொடங்கியது 1996இல். முப்பது ஆண்டுக் காத்திருப்பு! 2001இல் இந்திய அரசு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டபோது, இந்த வழி நாடு முழுவதற்கும் சட்டமானது.

இதனால் இந்தியாவில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். விதி இருந்தும் செய்யாத நகரங்கள் பல. குழந்தைகள் கடிபடும் செய்திகள் இன்றும் வருகின்றன. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள் டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் நாள் பெரிய அமர்வு அதை மாற்றியது: வெறிநோயோ ஆக்ரோஷமோ உள்ள நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு அதே இடத்தில் விடலாம் என்றது. 1832இல் எழுந்த கேள்வி 2025இலும் நீதிமன்றத்தில் நின்றது.

5. கொன்றால் ஏன் குறைவதில்லை?

மாணவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள். பத்து நாயில் ஐந்தைப் பிடித்தால் மீதி ஐந்துதானே? கணக்கில் சரி. தெருவில் சரியாக வராது.

ஒரு தெருவில் எத்தனை நாய் வாழலாம் என்பதை அங்கே கிடைக்கும் சாப்பாடுதான் தீர்மானிக்கிறது. திறந்த குப்பைத்தொட்டி, ஒட்டுக்கடைக்குப் பின்னால் கொட்டும் மீதி, கோழி வெட்டும் இடத்துக் கழிவு, இவை அப்படியே இருக்கும். ஐந்து நாய் போனால் மிஞ்சிய ஐந்துக்கும் சாப்பாடு இரட்டிப்பு. குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். பக்கத்துத் தெரு நாயும் காலி இடத்துக்கு வந்துவிடும். வீட்டுக்காரர்கள் வேண்டாத குட்டிகளைப் பெட்டியில் வைத்துச் சந்தை ஓரத்தில் விட்டுப் போவார்கள். ஓராண்டில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பிடிபடுவது பெரும்பாலும் மனிதரை நம்பும் நாய். அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம். அதைக் கொன்றுவிட்டு, ஊசி போடாத புதிய நாய்க்கு இடம் கொடுக்கிறோம். நாய்களை அகற்றுவது மட்டுமே அவற்றின் எண்ணிக்கையையோ வெறிநோய் பரவுவதையோ குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததற்குச் சான்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்பதுதான் அதன் வழிகாட்டல்.

பவுண்டுக்குள் நடக்கும் துன்பத்துக்கும் இதுவே காரணம். வரத்து குறையாத இடத்தில் கூண்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். பெரிய நாயும் குட்டியும் நோயாளியும் ஒரே கூண்டில். ஒன்றுக்கு வந்த பார்வோ நோய் எல்லாவற்றுக்கும் தொற்றும். கழுவ ஆள் போதாது, மருத்துவர் போதாது. அங்கே வேலை செய்கிறவர் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் "இந்த மாதம் எத்தனை பிடித்தாய்?" என்று மட்டும் மேலிடம் கேட்டால், "எத்தனை தண்ணீர்ப் பாத்திரம் நிரப்பினாய்?" என்று யாருமே கேட்காவிட்டால், நல்லவர்கூட எவ்வளவு நாள் நல்லவராக இருப்பார்?

6. நம் மண்ணில்

நம் நாட்டுக்கு வருவோம். 2009இல் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள பூலாவ் கெத்தாமில் தெருநாய்த் தொல்லை அதிகமானது. ஊரார் 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவிட்டார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, தின்ன ஒன்றும் இல்லை. பசியில் நாய்கள் ஒன்றையொன்று தின்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. விலங்கு நேயர்கள் படகில் போய்ச் சிலவற்றைத்தான் மீட்க முடிந்தது.

இதற்கு 99 ஆண்டுகளுக்கு முன், 1910இல், இஸ்தான்புல் நகர நிர்வாகம் பல்லாயிரம் தெருநாய்களைப் படகில் ஏற்றி மர்மரா கடலிலுள்ள பாறைத் தீவு ஒன்றில் இறக்கியது. பட்டினியில் அவை போட்ட ஓலம் காற்றடிக்கும்போது நகரம்வரை கேட்டதாம். இரண்டு ஊர், இரண்டு நூற்றாண்டு, ஒரே நினைப்பு: கண்ணில் படாவிட்டால் பிரச்சினை இல்லை. தீவு என்பது சுவர் இல்லாத பவுண்டு, அவ்வளவுதான்.

நம் சட்டம் எங்கே நின்றது? 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி, வதை செய்தவருக்கு நெடுங்காலம் அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரிங்கிட். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே 2015இல்தான் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் மறுபடியும் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்லும் முடிவு பெரிய சர்ச்சையானது. 2017 முதல் சரவாக்கில் நோய் பரவி மனித உயிர்களையும் பறித்தது. ஆகவே பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக் கொடுங்கள்.

அண்டை நாடான சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் இல்லாத நாடு. தெருநாய்களைப் பிடித்து ஒழிக்கும் பழக்கம் அங்கும் இருந்தது. ஆனால் 2018 நவம்பரில் நாடு தழுவிய புதிய திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது: பிடிப்பது, கருத்தடை செய்வது, வீடு தேடிக் கொடுப்பது, முடியாதவற்றை உரிய இடத்தில் விட்டுக் கண்காணிப்பது. சுற்றித் திரியும் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஐந்தாண்டில் கருத்தடை என்பது அப்போதைய இலக்காக இருந்தது. கவனித்தீர்களா? எண்ணும் பொருளே மாறிவிட்டது. பிடித்த தலைகளை எண்ணிய இடத்தில் கருத்தடை செய்த நாய்களை எண்ணுகிறார்கள்.

7. தேர்வுக்கும் வகுப்புக்கும்

மாணவர்களே, கட்டுரையில் எழுதும்போது "நாய்கள் பாவம்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காரணம், நடவடிக்கை, விளைவு என்று வரிசைப்படுத்துங்கள். காரணம்: நோய்ப் பயம், குப்பை, பொறுப்பில்லாத வளர்ப்பு. நடவடிக்கை: தலைக்கு இவ்வளவு என்று பரிசு, பவுண்டு, தீவு. விளைவு: வீட்டுநாய் திருட்டு, கலவரம், கூண்டு நெரிசல், குறையாத எண்ணிக்கை. அதன் பிறகு மாற்றத்தைச் சொல்லுங்கள்: தடுப்பூசி, கருத்தடை, சட்டம்.

ஆசிரியர்கள் வகுப்பில் விவாதிக்க மூன்று கேள்விகள்:

அ. பம்பாயிலும் நியூயார்க்கிலும் தலைக்குப் பணம் கொடுத்ததால் ஏற்பட்ட பொதுவான விளைவு என்ன?

ஆ. மாட்டுப் பவுண்டுக் காப்பாளருக்கு இருந்த கடமை நாய்ப் பவுண்டில் தளர்ந்துபோனதற்குக் காரணம் என்ன?

இ. உங்கள் ஊர் நகராண்மைக் கழகம் தெருநாய் பற்றி ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட்டால், அதில் எந்தெந்த எண்கள் இருக்க வேண்டும்?

மூன்றாவது கேள்வியை என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். அன்று சன்னல் பக்கம் நின்று கேட்ட அந்த மாணவி இப்போது படிவம் 5. அவள் எழுதிய பட்டியல் இது: எத்தனை நாய்க்கு ஊசி போட்டாங்க, எத்தனைக்குக் கருத்தடை, எத்தனைக்கு வீடு கிடைச்சது, பவுண்டுலேயே எத்தனை செத்துச்சு, எத்தனை பேரை நாய் கடிச்சது. ஐந்தே எண்கள்.

"பிடிச்ச நாய் எத்தனைன்னு எழுதலையேம்மா?" என்று கேட்டேன்.

"அதுதான் ஏற்கெனவே எண்றாங்களே டீச்சர்" என்றாள்.

லோரி எங்கே போகிறது என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒரு பகுதியாவது இருக்கிறது. லோரி போகும் இடத்தின் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே நடப்பதை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த ஐந்து எண்களைக் கேட்கத் தெரிந்த குடிமக்களாக நம் மாணவர்கள் வளர்ந்தால், வரலாற்றுப் பாடம் வகுப்பறையைத் தாண்டி வேலை செய்கிறது என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.